லேமினேஷனுக்கு அடியில் பதின்மூன்று கையெழுத்துகள்

செந்நீர்க்குப்பத்தைத் தாண்டி ஆவடி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, போன் சார்ஜர். கையில் மூன்றடி நீள டியூப்லைட். பூந்தமல்லியில் நான் வேலை பார்த்த டிங்கரிங் ஷெட்டை விட்டுக் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். மெட்ரோ வேலைக்காகப் பாதையை மாற்றிவிட்டிருந்ததால் பஸ்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு பஸ்ஸை நான் மூன்று முறை முந்தினேன். ஜன்னலோரம் இருந்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை, விளக்கைத்தான் பார்த்தார்கள்.

அந்த விளக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது நானே செய்தது. ஒரு மரச்சட்டத்தில் எல்இடி டியூபைப் பொருத்தி, வெளிச்சம் கண்ணில் அடிக்காதபடி ஒரு பக்கம் தகரத்தை வளைத்துக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தேன். நசுங்கிய கார் கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி போட்டு, உப்புத்தாளால் தேய்த்த பிறகு நேராக வெளிச்சம் அடித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். விளக்கைக் கதவோடு ஒட்டினாற்போலப் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று காலை ஒரு சாம்பல் நிறக் காரின் கதவில் அப்படி ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்தேன். கைப்பிடிக்குக் கீழே, உள்ளங்கை அகலம். வண்டிக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதலாளி என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"வாங்கிக்கினு போறவன் இன்னா லைட்டு புடிச்சா பாக்கப்போறான் நைனா? ஆஃப் பண்ணு."

ஆஃப் பண்ணினேன். பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சட்டத்தில் சுற்றி, பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் பின்னால் இருந்து ஏதோ சொன்னார், கேட்கவில்லை.

எனக்கு இது புதிதில்லை. ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து இப்படித்தான். லாரியில் கிளீனர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறவன், அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின். அந்த மெஷினில் இடது ஆள்காட்டி விரலின் நுனி போனது. விரல் ஆறும்வரை ஒரு ஸ்டிக்கர் கடையில் எழுத்து வெட்டினேன். ஒரே இடத்தில் ஒரு வருஷம் தாண்டினால் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். இதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

இப்படி அலைகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பகலில் காசு கொடுக்காமல், யாரும் எழுப்பாமல் உட்கார்ந்திருக்கக்கூடிய இடம் படிப்பகம் ஒன்றுதான். ஃபேன் இருக்கும், தண்ணீர்ப் பானை இருக்கும், பேப்பரில் ஆள் தேவை விளம்பரம் இருக்கும். பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டால் தூங்கவும் தூங்கலாம். ஆவடி, அம்பத்தூர், பட்டாபிராம் என்று எந்தப் பக்கம் போனாலும் எங்கே எந்தப் படிப்பகம், எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி ஒரு காலனியில், தேவாலயத்துக்குப் பக்கத்துச் சந்தில் அப்படி ஒன்று உண்டு. ஒரு கூடமும் ஓர் அறையும். ஆவடித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன குடும்பங்கள் அந்தக் காலனியில் இருக்கின்றன. அவர்களில் பாதிப்பேரின் முந்தைய தலைமுறை அக்கம்பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டது. வெயில் ஏறிவிட்டிருந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று உள்ளே போனேன்.

உள்ளே ஒரு அம்மாள் கையில் ஷேவிங் பிளேடோடு உட்கார்ந்திருந்தார். அவர்தான் நூலகர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எதிரில், மடிக்கணினியோடும் மேலிருந்து கீழே பார்க்கும்படி ஸ்டாண்டில் மாட்டிய கேமராவோடும் ஒரு இளம்பெண். இரண்டு பக்கமும் குடை மாட்டிய விளக்குகள். மேஜை முழுக்கப் பழைய போட்டோக்கள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள், தேவாலய ஆண்டுவிழா மலர்கள், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள். எல்லாமே பளபளவென்று மின்னின. நூலகர் பிளேடை ஒரு போட்டோவின் ஓரத்தில் செருகிக்கொண்டிருந்தார்.

"யக்கா, கீறாதீங்க" என்றேன். தண்ணீர் குடிக்க வந்தவன் சொல்லக்கூடிய வார்த்தை இல்லைதான். ஆனால் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரித்தால் என்ன ஆகும் என்று ஸ்டிக்கர் கடையில் பார்த்திருக்கிறேன். பெயின்டையும் சேர்த்துக்கொண்டுதான் வரும். நூலகர் ஏற்கெனவே ஒரு மூலையை உரித்துவிட்டிருந்தார். அந்த மூலையில் இருந்த வானம் பிளாஸ்டிக்கோடு போய்விட்டிருந்தது.

நடந்தது இதுதான். இந்தப் பக்கத்துப் படிப்பகங்களிலும் நூலகங்களிலும் இருக்கிற உள்ளூர்ச் சரித்திரத்தையெல்லாம் படம் எடுத்து, ஒரே இடத்தில் சேர்த்து, யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கும்படி ஆவணக் காப்பகம் ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பெண் அதற்காக நூலகம் நூலகமாகப் போகிறவள். வருவதற்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள்: பொருட்களைப் பாதுகாப்பாக எடுத்து வையுங்கள். அவ்வளவுதான் செய்தி.

எங்கள் பக்கத்தில் பாதுகாப்பு என்றால் என்ன? ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எதுவானாலும் கைக்கு வந்த மறுநாள் லேமினேட் செய்துவிடுவோம். வெள்ளத்தில் மிதந்தாலும் எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். நூலகரும் அதைத்தான் செய்திருந்தார். ஆவடி ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கிற கடையில் இரண்டு நாள் உட்கார்ந்து, முப்பது வருஷமாகச் சேர்த்துவைத்த அத்தனையையும் லேமினேட் செய்துகொண்டு வந்திருந்தார். போட்டோக்களைத் தனித்தனியாக வைத்தால் முதுகுப்பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று, இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்து ஒட்டி, ஆல்பம் போலத் திருப்பிப் பார்க்கும்படி செய்திருந்தார். கேமராவுக்குக் கீழே வைத்தால் படம் தெரியவில்லை. வெள்ளை வெளிச்சம்தான் தெரிந்தது.

அந்தப் பெண் காலையிலிருந்து விளக்குகளை ஏற்றி இறக்கிப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. மாலைக்குள் முடிக்க வேண்டும், மறுநாள் அம்பத்தூரில் வேலை. அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. லேமினேட் செய்ய வேண்டாம் என்று செய்தியில் நான்தான் ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும் என்றாள். அது நூலகருக்கு இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

நான் என் விளக்கின் வயரைப் பிரித்தேன். முதலில் அறையை இருட்டாக்க வேண்டும் என்றேன். திரைச்சீலை இல்லை. பீரோவுக்குப் பின்னால் பழைய ஃபிளெக்ஸ் பேனர்கள் சுருட்டிக் கிடந்தன. ஒன்று தேவாலயத் திருவிழாவுடையது. இன்னொன்று யாரோ ஒருவருடைய கண்ணீர் அஞ்சலி. இரண்டையும் ஜன்னல்களில் கட்டினோம். இறந்தவர் ஆறடி உயரத்துக்கு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவரு உயிரோட இருக்கச்சொல்ல ஒரு நாளு இங்க வந்து பேப்பர் படிச்சதில்ல" என்றார் நூலகர்.

விளக்கை மேஜையோடு மேஜையாகப் படுக்கவைத்தேன். வெளிச்சம் பிளாஸ்டிக்கின் மேல் வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. கேமராவில் முகங்கள் வந்தன. அந்தப் பெண் தன் விளக்கு ஒன்றைக் குடையைக் கழற்றி எதிர்ப்பக்கம் அதே உயரத்துக்கு இறக்கினாள். படம் முழுவதும் ஒரே சீராக வந்தது. முதல் போட்டோ சரியாக விழுந்ததும் அவள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். காலனியின் முதல் தண்ணீர்க் குழாய், அதற்கு மாலை போட்டுச் சுற்றிலும் ஆட்கள். குழாயிலிருந்து சொட்டு விழுவதுகூடத் தெரிந்தது.

ஒன்றரை மணி நேரத்தில் பெரிய கட்டு முடிந்தது. நான் விளக்கைப் பிடித்தேன், நூலகர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அது என்ன, எந்த இடம், எந்தக் காலம் என்று சொன்னார், அந்தப் பெண் தட்டச்சு செய்தாள். கால்பந்து அணி. மழை வெள்ளத்தில் படகு. தேவாலயப் பாடகர் குழு. தொழிற்சாலைக் கதவடைப்பு சமயத்தில் தெருவில் கஞ்சி காய்ச்சியது. நூலகர் குரல் நிமிர்ந்துகொண்டே வந்தது.

அந்த மூலை கிழிந்த போட்டோவைக் கடைசியாக எடுத்தார்.

பதினான்கு பெண்கள். சிலர் தலையில் செங்கல், சிலர் இடுப்பில் சிமென்ட் சட்டி. பின்னால் பாதி எழுந்த சுவர். நாங்கள் உட்கார்ந்திருந்த அதே கூடத்தின் சுவர் அது. இடமிருந்து இரண்டாவதாக நிற்பவர் நூலகரின் அம்மா. பகலில் வேலைக்குப் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கல் சுமந்து இந்தப் படிப்பகத்தைக் கட்டியவர்கள் இந்தப் பெண்கள்தான். வாசலில் இருக்கிற கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயர் இருக்கிறது, தலைமை தாங்கியவர் பெயர் இருக்கிறது. இவர்கள் பெயர் போட்டோவின் முதுகில் மட்டும்தான் இருந்தது. அந்த முதுகு இப்போது இன்னொரு போட்டோவின் முதுகோடு ஒட்டி, பிளாஸ்டிக்குக்குள் இருந்தது.

நூலகருக்கு ஐந்து பெயர்கள் நினைவிருந்தன. மற்றதை ஏன் எழுதிவைத்துக்கொள்ளவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார், அது எங்கே போகப்போகிறது என்று இருந்துவிட்டாராம்.

பெயர் தெரியாவிட்டாலும் படத்தைச் சேர்க்கலாம், ஆனால் தலைப்பு பொதுவாகத்தான் வரும் என்றாள் அந்தப் பெண். கட்டட வேலையில் பெண் தொழிலாளர்கள், ஆவடி அருகே. அப்படித்தான் அவளால் எழுத முடியும்.

நூலகர் போட்டோவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"கூலிக்கு யாரும் வரல பாப்பா. நம்ம ஊட்டு வேலைன்னு நெனச்சித் தூக்குனாங்க. உலகத்துல எங்க தேடுனாலும் வரும்னு நீதான சொன்ன? தேடுறவனுக்கு எங்கம்மா கூலிக்காரின்னு வரணுமா?"

அவர் கை மறுபடி பிளேடு பக்கம் போனது. நான் அதை எடுத்து ஜன்னல் மேல் வைத்தேன். அந்தப் பெண் தன் விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். மேஜையில் என் விளக்கு மட்டும் ஒரு பக்கமிருந்து எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கண்ணில் பட்டது. போட்டோவில் அந்தப் பெண்களின் தலைக்கு மேலே, வெறும் வானமாக இருந்த இடத்தில் மெல்லிய வரப்புகள். கார் கதவில் தெரிவதுபோல. குனிந்து கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுபோனேன். விளக்கைத் தீப்பெட்டி உயரத்துக்கு இறக்கினேன். வரப்பு சுழிந்தது, வளைந்தது, காலை நீட்டியது. பின்னால் இருந்து யாரோ பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுதியதில் முன்பக்கம் புடைத்துக்கொண்டு வந்த எழுத்து. இடம் வலம் மாறி நின்றது.

எனக்கு அது கஷ்டமில்லை. பஸ் கண்ணாடியில் உள்பக்கமிருந்து ஒட்டுகிற ஸ்டிக்கரைத் திருப்பிப்போட்டுத்தான் வெட்ட வேண்டும். விரல் ஆறும்வரை ஐந்து மாதம் அதைத்தான் செய்தேன். நேர் எழுத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். திருப்பிப்போட்ட எழுத்திலும் எனக்கு அதே வேகம்தான்.

முதல் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். நூலகர் என் பக்கம் குனிந்தார்.

"பால்காரம்மா" என்றார். "எருமை வெச்சினு இருந்தாங்க."

அடுத்தது. அவரை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போன பெரியம்மா. அடுத்தது, அவர் அம்மா. அந்த இடத்தில் நான் நிறுத்தவில்லை. விளக்கை ஒவ்வொரு அங்குலமாக நகர்த்தினேன். கீழே புடவைகளின் மேலும் பெயர்கள் ஓடின. மடிப்பில் எழுத்து எது, துணி எது என்று பிரிப்பதற்கு விளக்கை நாலு திசையிலும் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் மேலிருந்து படம் எடுத்து, கணினியில் இடம் வலம் திருப்பி, நான் சொன்னதோடு ஒத்துப்பார்த்தாள். ஒரு பெயரை நான் தவறாகப் படித்திருந்தேன், அவள் திருத்தினாள். மற்றவை சரி.

ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு கையில் இருந்தது. ஒருத்தி இரண்டு வரிக்குப் பெரிதாக எழுதியிருந்தாள். ஒருத்தி கோணலாக ஏறிக்கொண்டே போயிருந்தாள். அப்போதுதான் நூலகருக்கு அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. கட்டடம் கட்டும்போதே இந்தக் கூடத்தில் மாலை வகுப்பு நடந்திருக்கிறது. பெயர் எழுதக் கற்றுக்கொண்டதும் போட்டோவின் பின்னால், அவரவர் நிற்கிற இடத்தை ஒட்டி, அவரவர் பெயரை அவரவரே எழுதியிருக்கிறார்கள்.

அதனால்தான் அவ்வளவு அழுத்தம். அப்படி அழுத்துகிறவர்களை எனக்குத் தெரியும். நான் கையெழுத்துப் போட்டால் கீழே இருக்கிற மூன்று தாளில் பதியும். பேங்கில் திட்டு வாங்கியிருக்கிறேன்.

எண்ணிப் பார்த்தோம். பதின்மூன்று பெயர்கள். பெண்கள் பதினான்கு பேர். வலது ஓரத்தில், கல்லைக் கையில் பிடித்தபடி கண்ணாடி அணிந்து நிற்பவருக்கு மட்டும் பெயர் இல்லை. அவருக்குக் கீழே விளக்கை எப்படி வைத்தாலும் வழவழவென்று இருந்தது.

"அவங்கதான் டீச்சர்" என்றார் நூலகர். "எறும்பு ஊர்ற மாதிரி எழுதுவாங்கன்னு அம்மா சொல்லும். பேனா காகிதத்து மேல படறதே தெரியாதாம்."

நன்றாக எழுதத் தெரிந்தவருடைய எழுத்து மட்டும் கிடைக்கவில்லை.

பதின்மூன்று பேரில் ஒருவர் மூன்றாவது தெருவில் இப்போதும் இருக்கிறார் என்று நூலகர் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் சந்தோஷமாக நிறையப் பேச்சு. போட்டோ எடுத்தவன் எத்தனை முறை சிரிக்கச் சொன்னான், கல் எவ்வளவு சூடு, எல்லாம் வந்தது. டீச்சருடைய பெயர் என்ன என்று நூலகர் கேட்டார்.

"டீச்சருக்கு இன்னாடி பேரு? டீச்சருதான்."

அந்தப் பெண் அதை அப்படியே எழுதினாள். பதின்மூன்று பெயர்கள், பதினான்காவதாக டீச்சர். தலைப்பை நூலகரே சொன்னார்: எங்கள் படிப்பகத்தைக் கட்டியவர்கள். பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அவை போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்கின்றன, தேடினால் வரும். அந்தப் பதிவின் கடைசியில் புடைப்பெழுத்தைப் படித்தவர் என்று ஒரு வரி இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் என் பெயர். வேண்டாம் என்று நான் ஒரு முறைதான் சொன்னேன். இரண்டாவது முறை சொல்லவில்லை.

ஜன்னலிலிருந்து பேனர்களை அவிழ்த்தோம். வெயில் சாய்ந்திருந்தது. நூலகர் லேமினேஷன் தாள்களைத் துடைத்து அடுக்கினார். அந்த ஒரு போட்டோவை மட்டும் தனியாக, ஜன்னலை ஒட்டிய பக்கச்சுவரில், மாலை வெயில் பக்கவாட்டில் விழுகிற இடத்தில் மாட்டச் சொன்னார். ஆணி அடித்தேன். அவர் சுவரோடு கன்னத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"தெரியுது தம்பி" என்றார்.

அதற்குள் அந்தப் பெண்ணின் போனுக்கு ஒரு படம் வந்தது. அதை என்னிடம் நீட்டினாள். அம்பத்தூரில் மறுநாள் போக வேண்டிய வாசகசாலையின் பொறுப்பாளர் அனுப்பியிருந்தார். எல்லாம் தயார் என்று எழுதி, லேமினேட் செய்து பளபளக்கிற ஒரு தாள்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறார். அதே செய்திதானே எல்லோருக்கும் போயிருந்தது.

"அண்ணா, நாளைக்கு எங்கயாவது வேலை இருக்கா?" என்றாள்.

யோசிப்பதுபோல நின்றேன். வேலையே இடம் இடமாகப் போவதுதான் என்றால் கால் அரிப்பதற்கு என்ன இருக்கிறது. ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. லைட் என்னுடையது, அது போகிற இடத்துக்கு நான் போவேன் என்றேன். அன்று அந்தக் கூடத்திலேயே, புத்தக அலமாரிகளுக்கு நடுவில் லுங்கியை விரித்துப் படுத்துக்கொள்ள நூலகர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் சாவி கொடுத்தது அதுதான் முதல் முறை.

காலையில் ஆவடியில் மின்சார ரயில் ஏறினேன். சென்ட்ரலுக்குப் போகிற கூட்டம். விளக்கை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். இது என்ன அண்ணாத்தே, மீன் பிடிக்கிற கம்பா என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். புத்தகசாலை வேலை என்று சொன்னேன். என் விரல்களில் இருந்த தழும்புகளையும் நுனியில்லாத ஆள்காட்டி விரலையும் பார்த்துவிட்டு, அவர் நம்பவில்லை. எனக்குப் பரவாயில்லை.

அம்பத்தூரில் அந்தப் பெண் எனக்கு முன்னால் வந்து ஸ்டாண்டில் கேமராவை மாட்டிக்கொண்டிருந்தாள். பொறுப்பாளர் கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எல்லாம் பத்திரமாக இருக்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்றார். நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொல்லிவிட்டு, பிளக் பாயின்ட் எங்கே என்று கேட்டேன்.